கொம்பு தனி, கால் தனி

எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒன்று குறைகிறது. கம்ப்யூட்டர் ஒரு வாரமாக என்னிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. மனுஷன் யாராவது இப்படிப் பேசியிருந்தால் செவிட்டில் ஒன்று வைத்திருப்பேன்.

விஷயம் இதுதான். என் மனைவி இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவள் குரலைப் பதிந்து வைத்த ஃபைல்கள் எல்லாம் எங்கோ தூரத்தில், நான் வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருந்த ஒரு சர்வரில் கிடந்தன. அந்த வாடகைக் கம்பெனி கடையைக் கட்டுகிறதாம். மாதக் கடைசிக்குள் உங்கள் ஃபைல்களை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒரு மெயில் போட்டிருந்தார்கள். படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்.

ஸ்கிரிப்ட் என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. கையால் செய்ய வேண்டிய வேலையை வரி வரியாக எழுதி, நீயே செய் என்று மெஷினிடம் விட்டுவிடுவது. சர்வருக்குப் போ, ஒவ்வொரு ஃபைலாக எடுத்து வா, வீட்டு மெஷினில் வை, வைத்தபின் பெயரைக் குறிப்பில் எழுது. இவ்வளவுதான். இருபது வருஷமாக நான் சாப்பிடும் சோறு இதுதான். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஓர் ஐ.டி. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, ஊரான் வீட்டு ஃபைல்களை ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். சேர்ந்தபின் பழைய இடத்திலிருப்பதை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடைத்துக்கொள்ளும். பழக்க தோஷத்தில் இதிலும் அந்த வரியை எழுதிவிட்டேன். கடைசி வரி, 'அழி'. ஓட விடுவதற்கு முன்னால் அந்தச் சொல் கண்ணில் பட்டது. அவளை ஒரு தரம் எரித்தாயிற்று, அஸ்தியைக் கடப்பாக்கத்துக் கடலில் கரைத்தும் ஆயிற்று, இன்னொரு தரம் என் கையால் முடியாது என்று அந்த வரியை மட்டும் செயலிழக்கச் செய்தேன். புத்திசாலித்தனம் இல்லை, கோழைத்தனம்தான்.

ஸ்கிரிப்ட் ஓடி முடித்தது. எண்ணிப் பார்த்தேன். சர்வரில் இருப்பதைவிட வீட்டில் ஒன்று கம்மி. சரி, வராதது எது என்று பார்ப்போம் என்று, அங்கிருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி 'இது இங்கே இருக்கிறதா' என்று மெஷினைக் கேட்க வைத்தேன். இருக்கிறது, இருக்கிறது, இருக்கிறது. கடைசிப் பெயர் வரைக்கும் இருக்கிறது. மறுபடி எண்ணினால் ஒன்று கம்மி. வீட்டு மெஷினில் இறங்கியதை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஓடவிட்டேன். அதே கதை.

வேறு யாருடைய ஃபைலாக இருந்தாலும் 'ஒன்றுதானே, போய்த் தொலையட்டும்' என்று விட்டிருப்பேன். இதை விட முடியாது. அதற்குக் காரணம் என் மாமியார்.

என் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்வாள். யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அவள் ஆபீசுக்கு ஒரு நாள் அப்படியொரு பெண் வந்து பத்தாம் வகுப்பு அறிவியலை யாராவது வாசித்துக் கொடுப்பார்களா என்று கேட்டாளாம், அன்றைக்கு ஆரம்பித்தது. அதற்காகத்தான் நான் அந்த சர்வரைப் பிடித்துக் கொடுத்தேன். பதிவு செய்து, தமிழிலேயே பெயர் வைத்து, அங்கே ஏற்றிவிடுவாள். பிள்ளைகள் எங்கிருந்து வேண்டுமானாலும் இறக்கிக் கேட்கலாம்.

படுக்கையில் விழுந்த கடைசி வாரங்களில் அவள் தன் அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள்: "உனக்கு கொஞ்சம் பேசி வெச்சிருக்கேன். அவரு எடுத்துக் குடுப்பாரு." என்னிடம் சொல்லவில்லை. எனக்கு இது தெரிந்ததே பதினாறாம் நாள் காரியத்தில்தான், அதுவும் பந்தல் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது.

மாமியாருக்கு அச்சரப்பாக்கத்துக்கு மேற்கே ஒரு கிராமம். நாலு ஏக்கர் நிலம், இரண்டு மாடு, அரசமரத்தடிப் பஞ்சாயத்தில் ஆம்பளைகளையே அடக்கிவிடும் வாய். நான் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். இருபது வருஷம் ஆகியும் அவர் பேச்சில் பாதி எனக்கு உறைப்பாகத்தான் கேட்கும். அன்றைக்கு எல்லார் முன்னாலும் கேட்டார்: "எம் பொண்ணு எனக்குப் பேசி வெச்சது எங்க மாப்ள?"

போனை எடுத்து, அந்த சர்வரைத் திறந்து, அவள் சொன்ன அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லைத் தேடினேன். ஒன்று வந்தது. 'அம்மாவுக்கு கொஞ்சம்' என்று பெயர். எல்லாரும் கேட்கும்படி ஓடவிட்டேன். "அம்மா..." என்றாள். இருமல். நீளமான இருமல். பிறகு, "முடியலம்மா, அப்புறம் பேசறேன்." அவ்வளவுதான்.

"இவ்ளோதானா?" என்றார் மாமியார்.

"இவ்வளவுதான் இருக்கு."

"மிச்சம் எங்க?"

"மிச்சம்னா? இருந்தா குடுக்க மாட்டனா? நான் என்ன முழுங்கிட்டனா?" என்று கத்தினேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்த பதினாறாம் நாள் மாமியாரிடம் கத்திய மருமகன் அந்தப் பக்கத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து பந்திக்கு இலை போடப் போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் போன் வரும். "கெடச்சிதா மாப்ள?" "இல்ல அத்தை." "சரி." வைத்துவிடுவார். சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி இருக்கிறது, ஒன்றும் கிடையாது. நான் எதையோ கேட்டுவிட்டு, எனக்குப் பிடிக்காமல் மறைக்கிறேன், இல்லை அழித்துவிட்டேன் என்று நினைக்கிறார் என்றே எனக்குப் பட்டது. போனை வைத்ததும் ஒரு மணி நேரம் தனியாகத் திட்டிக்கொண்டிருப்பேன்.

சர்வர் மூடப்போகிற விஷயத்தை அந்த மாத அமாவாசைக்குச் சொன்னேன். "அப்ப அவ பேசனது பூடுமா?" என்று கேட்டார். முதல் முறையாக அந்தக் குரலில் பயம் தெரிந்தது. "அடுத்த மாசம் தெவசம் வருது மாப்ள. அதுக்குள்ள பாருங்க. தேடிப் பாருங்க. உங்களுக்குத் தெரியாத வேலயா?"

தெரியாத வேலை இல்லைதான். அதனால்தான் அவமானமாக இருந்தது. அந்தக் குறைகிற ஒன்று எது? மாதம் முடிய எட்டு நாள்.

ஃபைல் வந்திருந்தும் உள்ளே பழுதாகியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தது. பழுதாகியிருக்கிறதா என்று பார்க்க மெஷினுக்கு வழிகள் உண்டு. ஆனால் மெஷின்தான் எல்லாம் இருக்கிறது என்று ஏற்கெனவே என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறதே. காதால் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பதினொரு மாதமாக அந்தக் குரல் இருந்த பக்கமே நான் போகவில்லை. பந்தலில் கேட்ட அந்த இருமலோடு சரி. இப்போது காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் இரண்டு மணி நேரம், ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன்.

"பாடம் ஒன்பது. பக்கம் நூற்றுப் பதினொன்று. இங்க ஒரு படம் இருக்கு. படத்துல ஒரு தவளை மல்லாந்து படுத்திருக்கு, வயித்தத் திறந்து வெச்சிருக்காங்க. பயப்படாதீங்க, வரைஞ்ச தவளதான்."

எங்கள் வீடு கல்பாக்கத்துக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஊரில். கடல் இரைச்சல் எந்நேரமும் இருக்கும். பழகிவிட்டதால் காதில் விழாது. அவள் பதிவுகளில் பின்னால் அதே இரைச்சல் இருந்தது. ஸ்பீக்கரிலிருந்து வரும் கடலும் ஜன்னலிலிருந்து வரும் கடலும் சேர்ந்துகொண்டு, அறையில் எது அன்றைக்கு, எது இன்றைக்கு என்று தெரியாமல் போய்விட்டது. ஒரு பதிவில் நடுவே குக்கர் விசில். இன்னொன்றில் ஒரு ஆம்பளைக் குரல், "வண்டிச் சாவி எங்க வெச்ச?" என்று எரிந்து விழுகிறது. என் குரல். "ஷ்ஷ்" என்றாள் அவள், பிறகு தாழ்ந்த குரலில் பிள்ளைகளிடம், "மன்னிச்சுக்கோங்க, வீட்ல ஒருத்தருக்கு அவசரம்." ஓடுவதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து உட்காருவதற்குள் அடுத்த பாடம் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. காலியான அறையில் அவள் கரைந்த உப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பால் பாக்கெட் போடும் அம்மா கேட்டிலேயே நின்றுவிட்டாள். "உள்ள அக்கா பேசற மாதிரி கீது சார்" என்றாள். "ரெக்கார்டிங்மா" என்றேன். தலையாட்டினாள். அடுத்த நாளிலிருந்து பாக்கெட்டைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு, பெல் அடிக்காமல் போக ஆரம்பித்தாள். எனக்கும் அந்த அறைக்குள் நுழையும்போது செருமிவிட்டு நுழையும் பழக்கம் வந்துவிட்டது. சிரிப்பாக இருக்கிறது இல்லையா? எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நிஜமாகவே பயமாக இருந்தது. அவள் ஏதோ சொல்ல நினைத்து, நான் கேட்காத இடமாகப் பார்த்து ஒளிந்துகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. எல்லாம் இருக்கிறது, ஒன்று குறைகிறது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து சீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். என் வயசுதான், ஆனாலும் எல்லாரும் அவருக்கு அண்ணாத்ததான்.

"இன்னா அண்ணாத்த, ஒரு வாரமா மூஞ்சி பேஜாரா கீது?"

சொன்னேன். யாருடைய ஃபைல் என்று சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும், கேட்கவில்லை.

"குறிப்புல இன்னா எழுதற?"

"பேரு."

"பேரு மட்டுமா? சைஸு?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"நம்ம ஆபீஸ்ல எவனாவது இப்டி எழுதிக்கினு வந்தா நீ வுடுவியா? ஒரு நாள் பூரா வெச்சி கிழிப்ப. சொந்த வூட்டு வேலன்னா அவ்ளோ எளக்காரமா?" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். பெயரோடு அளவையும் எழுது. ஓடவிட்டுவிட்டுக் குறிப்பைப் படித்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. 'அம்மாவுக்கு கொஞ்சம்' என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியும் 'அம்மாவுக்கு கொஞ்சம்'. முன்பே இதைப் பார்த்திருக்கிறேன். மெஷின் ஏதோ தடங்கலில் இரண்டு தரம் முயன்றிருக்கிறது என்று விட்டுவிட்டேன். இப்போது பக்கத்தில் அளவும் இருந்தது. முதலில் வந்தது பெரியது. இரண்டாவதாக வந்தது பொடியன்.

ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்க முடியாது. இது தொழிலின் அரிச்சுவடி. ஒரே வீட்டுக் கதவில் ஒரே எண் இரண்டு தரம் எழுதினாலும் வீடு ஒன்றுதான். கொஞ்ச நேரம் திரையைத் தொடவே தைரியம் வரவில்லை.

பிறகு இரண்டு பெயர்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டாவது வரியில், பொடியனின் பெயரில், 'கொ'வுக்குப் பக்கத்தில் போய் நின்று அழிக்கும் பொத்தானை ஒரு தரம் தட்டினேன். கொம்பும் காலும் சேர்ந்து போய், 'க' மட்டும் நின்றது. முதல் வரியிலும், பெரியதன் பெயரில், அதே இடத்தில் ஒரு தட்டு. கால் மட்டும் போயிற்று. கொம்பு நின்றது. 'அம்மாவுக்கு கெஞ்சம்' என்று இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. 'கொ' என்பதை கம்ப்யூட்டர் இரண்டு விதமாக எழுதி வைக்கும். கொம்பும் காலும் ஒட்டிப் பிறந்த ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே 'கொ'. அந்தத் தூரத்து சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர், அதனால் இரண்டு ஃபைலையும் தனித்தனியாக வைத்திருந்தது. என் வீட்டு மெஷினுக்கு இரண்டும் ஒரே பெயர். பெரியதைக் கொண்டுவந்து வைக்கும், உடனே சின்னதைக் கொண்டுவந்து அதன் தலைமேலேயே வைக்கும். பெரியது காணாமல் போகும். 'இது இருக்கிறதா' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இருக்கிறது என்று சொல்லும். மெஷின் பொய் சொல்லவில்லை. நான்தான் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அந்த இரண்டாவது 'கொ' எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற ஏற அவள் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. போனில் பொடி எழுத்தைத் தொட வராது. என் பழைய லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னாள். அதில் தமிழுக்கு அவள் வைத்திருந்தது டைப்ரைட்டர் முறை. கல்யாணத்துக்கு முன்னால் அச்சரப்பாக்கத்தில் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். அந்த முறையில் கொம்புக்கு ஒரு சாவி, எழுத்துக்கு ஒரு சாவி, காலுக்கு ஒரு சாவி. "கண்ண மூடிக்கினு அடிப்பேன் நானு" என்பாள். அந்தப் பழைய மென்பொருளும் அவள் அடித்தபடியே கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் எழுதி வைத்துவிட்டது.

போனில் பேசியது இருமலில் நின்றுவிட்டது. இரண்டு நாள் கழித்து லேப்டாப்பில் முழுதாகப் பேசியிருக்கிறாள். பழையதன் மேலேயே ஏறிக்கொள்ளட்டும் என்று அதே பெயரை வைத்திருக்கிறாள். ஏறவில்லை. பந்தலில் நான் என் போனில் தேடியபோது, என் போன் எழுதும் 'கொ' இருந்தது மட்டும் அகப்பட்டது.

அவள் லேப்டாப்பில் பேசிய அந்தக் காலையும் நினைவிருக்கிறது. "போயி இட்லி வாங்கிகினு வாங்க" என்று என்னை வெளியே அனுப்பினாள். திரும்பி வந்து பார்த்தால் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள், மடியில் லேப்டாப். "இந்த நிலைமையிலயும் பாடமா? உனக்கு அறிவு இருக்கா?" என்று கத்தினேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு இட்லியைப் பிட்டாள். பாடம்தான் என்று நான் நினைத்துக்கொண்டதை அவள் மறுக்கவில்லை.

பெரிய ஃபைலை மட்டும் தனியாக, வேறு பெயர் கொடுத்து இறக்கினேன். "அம்மா, நான்தான்" என்று தொடங்கியது. நிறுத்திவிட்டேன். அது எனக்கு வைத்ததில்லை. மாமியாருக்குப் போன் செய்தேன்.

"கெடச்சிடிச்சி அத்தை" என்றேன். அவர் பேச்சே வந்துவிட்டது எனக்கு.

"நீங்க கேட்டீங்களா?"

"இல்ல. உங்களுக்குன்னு வெச்சதாச்சே."

"நான் வர்ற வரிக்கும் கேக்காதீங்க மாப்ள. நாளைக்கி வரேன்."

ஞாயிற்றுக்கிழமை அச்சரப்பாக்கத்தில் பஸ் ஏறி, செங்கல்பட்டில் மாறி, பத்தரை மணிக்கெல்லாம் வந்துவிட்டார். கையில் ஒரு பை வேர்க்கடலை. தண்ணீர் குடித்தார். ஃபேனுக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காதில் வைத்துக் கேட்கிறீர்களா, நான் வெளியே இருக்கிறேன் என்றேன். "வேணாம். நீங்களும் இங்கியே குந்துங்க" என்றார்.

ஓடவிட்டேன்.

"அம்மா, நான்தான். போன்ல பேசுனா நீயும் அழுவ, நானும் அழுவேன், விஷயம் நின்னு பூடும். அதான் இப்டி. போன ஆடியில நம்ம வூட்டுக்கு வந்தப்ப உடம்புல ஒரு கட்டி கீதுன்னு உன்கிட்ட காட்டுனேன் இல்ல? நீ அப்பவே அவர்கிட்ட சொல்றேன்னு போன எடுத்த. நான்தான் புடுங்கிகினேன். உன் கைய எடுத்து என் தலமேல வெச்சி, சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்குனேன். அந்தப் பசங்களுக்குப் பரீட்சைக்குள்ள பாடத்த முடிச்சிடறேன், அப்புறம் டாக்டராண்ட போறேன்னு சொன்னேன். சும்மா கொழுப்புக் கட்டின்னு நெனச்சேன்மா. தையிலதான் போனேன். நீ சொல்லாததால இல்ல, நான் சொல்ல வுடாததால. நான் போனாக்கா நீ இத மனசுலயே வெச்சிகினு சாவாத. சத்தியத்த நானே எடுத்துக்கிறேன். இத அவருக்கும் போட்டுக் காட்டு. இப்ப நேர்ல சொன்னா கத்துவாரு. எனக்குத் தெம்பு இல்ல. நான் இல்லாதப்ப கத்தட்டும்."

கொஞ்சம் மூச்சு. ஒரு பொத்தானைத் தட்டுகிற சத்தம். முடிந்துவிட்டது.

நான் கத்தவில்லை. ஆடியிலிருந்து தை வரைக்கும் தினம் சாயங்காலம் பக்கத்து அறையில் தவளையையும் உப்பையும் பற்றிப் பேசிக்கொண்டு, அதை உடம்பில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் வண்டிச் சாவி தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலமேல அடிச்ச சத்தியம் மாப்ள. மீறுனா அவளுக்கு எதுனா ஆயிடும்னு பயந்து பயந்து வாய மூடிகினு இருந்தேன். பூட்டா. பூட்டப்புறமும் நானா வாயத் தொறக்க முடியல. அவ வாயால வரட்டும்னுதான் உங்கள ஒவ்வொரு அமாவாசையும் கேட்டுகினு இருந்தேன். நீங்க வேற மாரி நெனச்சிருப்பீங்க."

நான் வேறு மாதிரிதான் நினைத்திருந்தேன். மாதம் ஒரு மணி நேரம் திட்டியும் இருந்தேன்.

"ஒண்ணு சொல்லுங்க" என்றார். என்னைப் பார்க்காமல், ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார். "அன்னிக்கே நான் சொல்லியிருந்தா பொழச்சிருப்பாளா?"

தை மாதம் முதல்முறை போனபோது டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நாலைந்து மாசம் முன்னாடி வந்திருந்தால் கதையே வேறு சார் என்றார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் சொல்லவில்லை. இப்போது அந்த நாலைந்து மாசம் யார் கையில் இருந்தது என்று தெரிந்துவிட்டது. 'இல்லை அத்தை' என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். இரண்டே சொல். எனக்கு வரவில்லை. உள்ளே ஒரு கோபம் எழுந்து நின்று, சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது, ஒரே ஒரு போன் செய்திருக்கலாமே என்றது. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பதினொன்னேகால் பஸ்ஸப் புடிக்கிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

வாசல் தாண்டி, தெரு முனை தாண்டி, பஸ் நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டோம். அவர் முன்னால், நான் பின்னால். தூரத்தில் பஸ் தெரிந்தபோது சொன்னேன். "இல்ல அத்தை. எப்ப போயிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். டாக்டரே சொன்னாரு."

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "இத சொல்ல உங்களுக்கு இவ்ளோ நேரம் ஆச்சே மாப்ள" என்றார். கோபமாக இல்லை. ஏறிப் போய்விட்டார்.

தெவசம் முடிந்து இப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாதம் ஒரு ஞாயிறு நான் அச்சரப்பாக்கம் போகிறேன். மாட்டைப் பற்றிப் பேசுகிறோம், மழையைப் பற்றிப் பேசுகிறோம். கிளம்புவதற்குள் எப்படியாவது ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், உங்கள் மேல் தப்பில்லை அத்தை என்று. "சரி மாப்ள, மொதல்ல சாப்புடுங்க" என்று இலையைப் போடுகிறார். அவர் நம்பவில்லை. நான் சொல்லிக்கொண்டிருப்பதை நானும் இன்னும் முழுதாக நம்பவில்லை.